மலைச் சப்பாத்து: காலுக்குப் பொருந்துமா, மழைக்குத் தாங்குமா?

தோட்டத்துப் பையன்மார் பலர் இப்போது உல்லாசப் பயணிகளுக்கு வழிகாட்டவும் சுமை தூக்கவும் போய் வருகிறார்கள். சிவனொளிபாதமலைப் பருவம் மார்கழிப் போயாவில் தொடங்கி வெசாக் வரை ஓடுகிறது. இதைவிட, கண்டி ஹந்தானையிலிருந்து நுவரெலியா வரை 22 பகுதிகளாக, 300 கிலோமீற்றருக்கு மேல் தேயிலை மலைகளுக்கூடாகப் போகும் பீக்கோ நடைபாதையும் வந்திருக்கிறது. இந்த வேலைக்குப் போகிறவர்கள் முதலில் தேடுவது ஒரு சோடி நல்ல பூட்ஸ். பழைய உடுப்புக் கடைகளிலும், வெள்ளைக்காரர் விட்டுப்போன சாமான்களிலும் மலையேறும் சப்பாத்துகள் கிடைக்கின்றன. அவற்றில் சில, வெளிநாட்டு வேட்டைக்காரருக்கென்றே செய்யப்பட்டவை. பார்க்க யானை மாதிரி உறுதியாக இருக்கும். ஆனால் சேர்த்து வைத்த காசைக் கொட்டி வாங்கிய சப்பாத்து மூன்றாம் நாள் அடி கழன்று விழுந்த கதைகளும், நகம் கறுத்து நொண்டி வந்த கதைகளும் எங்கள் காதுக்கு எட்டிக்கொண்டேயிருக்கின்றன. ஆகவே இவ்விதழில் இந்தச் சப்பாத்துகளைப் பற்றிக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல நினைத்தோம்.

வேட்டைக்காரனுக்கு ஏன் மலையேறுகிறவனின் சப்பாத்து என்று கேட்கலாம். அமெரிக்காவின் ரொக்கி மலைகளிலும் ஐரோப்பாவின் அல்ப்ஸ் மலைகளிலும் வேட்டைக்குப் போகிறவர்கள் பாதையில் நடப்பதில்லை. செங்குத்தான புல்வெளி, உருளும் கல், ஈரம், பனி எல்லாவற்றிலும் குறுக்கே நடப்பார்கள். எல்க் என்ற பெரிய மானைச் சுட்டுவிட்டால், அதன் இறைச்சியைப் பல தடவையாக முதுகில் சுமந்தே இறக்க வேண்டும். ஒரு நடைக்கு 30, 40 கிலோ வரும். மெல்லிய சப்பாத்து அந்தப் பாரத்தில் வளைந்து முறுகிப் பாதத்தை நோகடித்துவிடும். அதனால்தான் அடி விறைப்பான, கணுக்காலுக்கு மேலே வரும் மலைச் சப்பாத்தை அவர்கள் பிடித்துக்கொண்டார்கள். (இங்கே வந்த ஆங்கிலேயர் நம் மரையைத்தான் 'எல்க்' என்று சொன்னார்கள். 1848இல் நுவரெலியாவில் குடியேறிய சாமுவேல் பேக்கர் நாய்களை விட்டு அந்த மரைகளை வேட்டையாடினார். அந்தக் காலம் போய்விட்டது. 1937ஆம் ஆண்டின் வன சீவராசிகள், தாவரங்கள் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. நமக்குச் சப்பாத்து மட்டும் போதும், துவக்கு வேண்டாம்.)

ஜெர்மன் கம்பனிகள் இந்தச் சப்பாத்துகளை ஏ, பி, சி, டி என்று வகைப்படுத்துகின்றன. ஏ என்றால் லேசான பாதைக்கு. டி என்றால் இரும்பு முள் பூட்டிப் பனிக்கட்டியில் ஏறுவதற்கு. வேட்டைச் சப்பாத்துகள் பெரும்பாலும் பி, சி இரண்டுக்கும் நடுவில் நிற்கும். நம் மலைகளுக்கு பி வகையே தாராளம். டி வகைச் சப்பாத்து சும்மா கிடைத்தாலும் எடுக்காதீர்கள். அதன் அடி வளையவே வளையாது. சிவனொளிபாதமலைப் படிக்கட்டில் மரக்கட்டையைக் கட்டிக்கொண்டு இறங்குவது போல இருக்கும்.

அடிப்பாகத்தைப் பற்றி ஒரு விசயம். முன்பெல்லாம் மலையேறிகள் தோல் அடியில் இரும்பு ஆணி அடித்த சப்பாத்தைத்தான் போட்டார்கள். குளிர் காலத்தில் அந்த ஆணி வழியாகவே குளிர் ஏறும். பாறையில் ஏறும்போது மெல்லிய வேறு சப்பாத்துக்கு மாறிக்கொள்வார்கள். 1935இல் இத்தாலிய அல்ப்ஸில் ஆறு மலையேறிகள் புயலில் சிக்கி இறந்தார்கள். காலில் இருந்தது அந்த இடத்துக்குத் தக்க சப்பாத்து அல்ல என்பதும் ஒரு காரணம் என்று அவர்களுடைய நண்பரான விற்றாலே பிரமானி எண்ணினார். 1937இல் ஆழமான பற்கள் வைத்த இறப்பர் அடியைக் கொண்டுவந்தார். விப்ரம் என்று மஞ்சள் எழுத்தில் சப்பாத்து அடியில் காண்பது அவருடைய பெயரின் சுருக்கம்தான். வாங்கும்போது அந்தப் பற்கள் தேயாமல் இருக்கின்றனவா என்று பாருங்கள். குதிப் பக்கம் தேய்ந்திருந்தால் நம் களிமண்ணில் இறங்கும்போது கட்டாயம் வழுக்கும்.

இனி அளவு. எங்கள் அனுபவத்தில் எல்லாவற்றையும்விட முக்கியமானது இதுதான். சப்பாத்து நல்ல சாதியாய் இருந்து அளவு பிழைத்தால் அது வீண். ஒரு தோட்டத்தில் ஒரு தடவை எல்லாருக்கும் ஒரே சைஸில் கம்பூட்ஸ் கொடுத்தார்கள். சின்னக் கால்காரப் பெண்கள் துணியைத் திணித்துப் போட்டுப் பார்த்தார்கள், இரண்டு வாரத்தில் எல்லாம் லயத்து வாசலில் கிடந்தன. பழையபடி வெறுங்காலோடு மலைக்குப் போனார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது.

நம் ஆட்களின் பாதத்துக்கு ஒரு தனிக்குணம் உண்டு. சிறுவயது முதல் வெறுங்காலோடும் செருப்போடும் நடந்து வளர்ந்ததால் விரல்கள் விரிந்து முன்பாதம் அகன்றிருக்கும். ஐரோப்பியச் சப்பாத்தின் அச்சோ பெரும்பாலும் முன்னே ஒடுங்கியது. இதைக் கடையிலேயே கண்டுபிடிக்கலாம். உள்ளே போட்டிருக்கும் இன்சோலை வெளியே எடுத்துத் தரையில் வைத்து, அதன் மேல் முழுப் பாரத்தோடு ஏறி நில்லுங்கள். சின்ன விரலோ பெருவிரல் மூட்டோ ஓரத்துக்கு வெளியே வழிந்தால் அந்தச் சப்பாத்து உங்களுக்கு ஒடுக்கம். ஒடுக்கத்தைச் சமாளிக்க நீளமான சைஸ் வாங்குவார்கள் சிலர். அது பிழை. கால் உள்ளே முன்னும் பின்னும் ஓடி, குதியில் கொப்புளம் போட்டுவிடும்.

சப்பாத்தைப் பின்னேரத்தில் போட்டுப் பாருங்கள். நாள் முழுக்க நடந்த கால் கொஞ்சம் வீங்கியிருக்கும், மலையிலும் அப்படித்தான் வீங்கும். போடப்போகிற அதே தடித்த மேசையும் கொண்டு போங்கள். கயிறு கட்டாமல் பாதத்தை முன்னுக்குத் தள்ளினால் குதிக்குப் பின்னால் ஒரு விரல் போகணும். பிறகு குதியைப் பின்னால் வைத்துக் கயிற்றை இறுக்கி, கடைப் படியிலோ சரிவிலோ இறங்கிப் பாருங்கள். பெருவிரல் முன்னே முட்டக்கூடாது. ஏறும்போது குதி மேலே தூக்கக்கூடாது. இரண்டு காலையும் போட்டுப் பார்க்க வேண்டும், ஏனென்றால் அனேகருக்கு ஒரு கால் மற்றதைவிடப் பெரிது. சைஸ் நம்பரை மட்டும் நம்பாதீர்கள். ஒரு கம்பனியின் 8 இன்னொன்றின் 7 ஆக இருக்கலாம்.

மலையிறக்கத்தில் நகம் கறுப்பதற்கு இரண்டே காரணம்: ஒன்று சப்பாத்து குட்டை, மற்றது கயிறு தளர்வு. இறங்கத் தொடங்குமுன் ஒரு நிமிசம் நின்று, கணுக்கால் மடிப்பில் கயிற்றை இரண்டு சுற்றுச் சுற்றி இறுக்கிவிட்டு மேலே கட்டுங்கள். நகத்தை நேராக வெட்டுங்கள், ஓரத்தை ஆழமாக வெட்டினால் சதைக்குள் வளரும். நீரிழிவு உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் காலில் உணர்ச்சி குறைந்திருக்கலாம், கொப்புளம் வந்தாலும் தெரியாது. தினமும் கழற்றியவுடன் பாதத்தைக் கண்ணால் பாருங்கள், சின்னப் புண் என்றாலும் அன்றைக்கே தோட்ட டிஸ்பென்சரிக்குப் போங்கள்.

அடுத்தது தண்ணீர். 'வோட்டர்புரூவ்' என்று எழுதியிருந்தால் அதற்குள் பெரும்பாலும் மெல்லிய சவ்வு ஒன்று தைக்கப்பட்டிருக்கும். கோர்-டெக்ஸ் அதில் பெயர் பெற்றது. 1969இல் பொப் கோர் என்பவர் டெஃப்லோன் வகைப் பொருளைச் சூடாக்கி வெடுக்கென்று இழுத்தபோது அது கிழியாமல் பலமடங்கு நீண்டு, நுண்ணிய துளைகள் கொண்டதாக மாறியது. மழைத்துளி அந்தத் துளைக்குள் புக முடியாது. வேர்வையின் ஆவி மட்டும் வெளியேறும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஆவி வெளியேற வேண்டுமானால் வெளிக்காற்று உள்ளே இருப்பதைவிடக் குளிர்ந்து, காய்ந்து இருக்கணும். அல்ப்ஸில் அது சரி. ஆடி மாதத்து மஸ்கெலியாவிலோ, கினிகத்தேனையிலோ காற்றே ஈரம். வேர்வை உள்ளேயே நிற்கும். கால் நனைந்தது மழையாலா வேர்வையாலா என்று தெரியாமல் போகும். அதோடு சப்பாத்தின் வாய் வழியாகத் தண்ணீர் புகுந்துவிட்டால், வெளியே விடாத சவ்வு அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும், காய இரண்டு நாள் பிடிக்கும். ஆகவே நீளக் காற்சட்டையைச் சப்பாத்துக்கு வெளியே விடுங்கள். அட்டைக்காகச் சொக்ஸை இழுத்து மேலே போடுகிறவர்கள் மழை பெய்தால் அதன் வழியாகத் தண்ணீர் உள்ளே வடியும் என்பதை நினைவில் வைக்கணும்.

பழைய சப்பாத்தில் அந்தச் சவ்வு இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க வழியுண்டு. உள்ளே பத்திரிகைத் தாளைத் திணித்து, வாய்க்கு இரண்டு அங்குலம் கீழே வரை வாளித் தண்ணீரில் அமுக்கி, விரல் மடிகிற இடத்தைக் கையால் பத்து நிமிசம் மடித்து விரியுங்கள். தாள் நனைந்தால் சவ்வு கிழிந்தது. கடைக்காரர் முகம் சுளிப்பார், சுளிக்கட்டும்.

எங்கள் கருத்தைக் கேட்டால், நம் மழைக்குத் தையல் குறைந்த, தடித்த ஒரே துண்டுத் தோல்தான் சிறந்தது. சவ்வு போனாலும் மெழுகு பூசித் தோலைக் காப்பாற்றலாம். கொழுந்தெடுக்கிறவர்களுக்கும் கான் வெட்டுகிறவர்களுக்கும் இந்தச் சப்பாத்தே தேவையில்லை. சரியான அளவுக் கம்பூட்ஸும் கொட்டன் இல்லாத மேசும் போதும். எலிக்காய்ச்சல் கிருமி வெடித்த தோல் வழியாக உள்ளே போகும், கான் தண்ணீரில் நிற்கிறவர்களுக்கு அந்தப் பாதுகாப்பைக் கம்பூட்ஸ்தான் கொடுக்கும்.

இப்போது எத்தனை காலம் உழைக்கும் என்ற கேள்வி. பலர் ஏமாறுவது இங்கேதான். வெளி அடிக்கும் மேல் தோலுக்கும் நடுவே பஞ்சு போன்ற ஒரு தட்டு இருக்கும். அனேகமாக அது பொலியூரித்தேன். காற்றிலுள்ள ஈரம் அதற்குள் புகுந்து வருசக்கணக்கில் அதை அரித்துக்கொண்டேயிருக்கும். போடாமல் பெட்டியில் வைத்திருந்தாலும் அரிக்கும். ஐந்து முதல் பத்து வருசத்தில், பார்க்கப் புதிதாகவே இருக்கிற சப்பாத்தில் அந்தத் தட்டு பிஸ்கட் மாதிரி உதிர்ந்து அடி தனியாகக் கழன்று வரும். வெப்பமும் ஈரமும் கூடிய நாட்டில் இது சீக்கிரம் நடக்கும். 'ஒரு நாளும் போடாதது தம்பி' என்று கடைக்காரர் சொன்னால் சந்தோசப்படாதீர்கள், எந்த வருசம் செய்தது என்று நாக்குக்குள் தைத்திருக்கும் துண்டில் தேடுங்கள். பிறகு நகத்தால் அந்தத் தட்டை அழுத்துங்கள். குழி மீளாமல் நின்றாலோ, பிசுபிசுத்தாலோ, மடிக்கும்போது மயிர்போல வெடிப்புத் தெரிந்தாலோ விட்டுவிடுங்கள். ஈ.வி.ஏ. என்ற வேறு வகைத் தட்டும் உண்டு. அது இப்படி உதிராது, நசுங்கித் தட்டையாகும். எதுவானாலும் சுமை தூக்கப் போகிறவர்கள் பையில் நாலு முழம் நைலோன் கயிறு வைத்திருங்கள். நடுமலையில் அடி வாய் பிளந்தால் கட்டிக்கொண்டு இறங்கலாம்.

வீட்டுக்கு வந்ததும் சேற்றைக் கழுவணும். காய்ந்த சேறு தோலின் நெய்ப்பிடிப்பை உறிஞ்சிவிடும். இன்சோலையும் கயிற்றையும் கழற்றி, பத்திரிகைத் தாள் திணித்து, நனைய நனைய மாற்றுங்கள். லயத்து அடுப்புக்கு மேலே கட்டித் தொங்கவிடும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். தோல் சுருங்கி வெடிக்கும், பசை இளகும். காற்றோட்டமான நிழல் போதும். தேங்காய் எண்ணெய் தடவினால் தோல் தொளதொளத்துவிடும், எலியும் தேடி வரும். தேன்மெழுகு கலந்த சப்பாத்து மெழுகை மெல்லியதாகத் தேய்த்தால் சரி. பூஞ்சணம் பிடித்தால் விநாகிரியும் தண்ணீரும் பாதிக்குப் பாதி கலந்து துடையுங்கள். பொலித்தீன் பையில் கட்டி வைக்க வேண்டாம்.

அடி கழன்ற சப்பாத்தை டவுனில் தைக்கிறவரிடம் கொடுத்தால், தட்டு நல்லதாக இருந்தால் மட்டுமே ஒட்டச் சொல்லுங்கள். பழைய பசையைச் சுரண்டி எடுத்து, இரண்டு பக்கமும் புதுப் பசை தடவி, கையில் ஒட்டாத அளவு காய்ந்த பிறகே சேர்த்து அமுக்கணும். ஓரத்தைச் சுற்றித் தைத்தால் இன்னும் நல்லது. ஆணி அடிக்க மட்டும் விடாதீர்கள், ஆணி உள்ளே போனால் சவ்வும் ஓட்டை, காலும் ஓட்டை.