டவுன்லோட் பட்டனில் எது அசல்? நல்ல சாஃப்ட்வேர் தளத்தைக் கண்டுபிடிப்பது எப்படி?

புது லேப்டாப் வாங்கியதும் பலர் முதலில் தேடுவது விஎல்சி பிளேயர். தேடினால், அதை உருவாக்கும் வீடியோலேன் அமைப்பின் தளமும் வரும். அதே ஃபைலைத் தருகிறோம் என்று சொல்லும் வேறு பல தளங்களும் வரும். அவற்றில் சிலவற்றைத் திறந்தால் பச்சைக் கலரில் நாலு டவுன்லோட் பட்டன் இருக்கும். எதைத் தொட்டால் விளம்பரம், எதைத் தொட்டால் ஃபைல்? அது உங்க அதிர்ஷ்டம்.

2022 பிப்ரவரியில் வீடியோலேன் தளம் இந்தியாவில் முடக்கப்பட்டது. நவம்பரில்தான் தடை நீங்கியது. ஏற்கெனவே இன்ஸ்டால் செய்த விஎல்சி வழக்கம்போல ஓடியது. ஆனால் அசல் ஃபைல் கிடைக்கும் வாசல் மூடிக்கிடந்ததால், புதிதாக இறக்க நினைத்த பலர் வேறு தளங்களுக்குப் போக வேண்டியிருந்தது. ஒரு சாஃப்ட்வேருக்குச் சொந்தத் தளம் ஏன் அவ்வளவு முக்கியம் என்பது அப்போது புரிந்தது.

முதல் திரையில் என்ன இருக்கணும்?

இது என்ன செய்யும், யாருக்கு, கடைசி வெர்ஷன் எது, எங்கே இறக்குவது. இவ்வளவுதான். விஎல்சி தளத்தில் ஆரஞ்சு கோன், ஒரு வரி விளக்கம், ஒரு பட்டன். நீங்கள் விண்டோஸா, மேக்கா என்று தளமே கண்டுபிடித்து அதற்கேற்ற ஃபைலைக் காட்டும். 'அடுத்த தலைமுறைத் தீர்வு' மாதிரி அலங்கார வசனங்களோடு ஆரம்பிக்கும் தளங்களில், பாதிப் பக்கம் உருட்டிய பிறகும் அது என்ன சாஃப்ட்வேர் என்றே புரியாது.

டிசைன் முக்கியமா?

சர்வரோடு வேலை செய்பவர்களுக்கு 'புட்டி' தெரிந்திருக்கும். அதன் தளத்தைப் பார்த்தால் தொண்ணூறுகளில் உருவாக்கியது மாதிரி இருக்கும். ஆனாலும் என்னைக் கேட்டால் நல்ல தளம்தான். என்ன சாஃப்ட்வேர், புது வெர்ஷன் எப்போது வந்தது, அதில் என்ன மாறியது, எந்தப் பிழை இன்னும் சரியாகவில்லை எல்லாம் வெளிப்படையாக இருக்கும்.

குறை ஒன்று உண்டு. பல ஆண்டுகளாக அதன் முகவரி நீளமானது, நினைவில் நிற்காதது. நல்ல டொமைன் பெயர் வாங்கித் தரட்டுமா என்று கேட்பவர்களுக்கு, 'வேண்டாம், கூகுளில் தேடினாலே கிடைக்குமே' என்ற அர்த்தத்தில் தளத்திலேயே பதில் எழுதி வைத்திருந்தார்கள். இதில்தான் எனக்கு உடன்பாடில்லை. தேடல் முடிவுகளையும் விளம்பரங்களையும் நம்பிப் போனவர்கள் போலி புட்டியை இறக்கிய சம்பவங்கள் நடந்திருக்கின்றன. 2015-லேயே சைமன்டெக் நிறுவனம் அப்படி ஒரு போலி பற்றி எச்சரித்தது.

வாடகை வீட்டின் ரிஸ்க்

படங்களை எடிட் செய்யும் 'கிம்ப்' குழு, தன் விண்டோஸ் ஃபைல்களை சோர்ஸ்ஃபோர்ஜ் என்ற பொதுத் தளத்தில் வைத்திருந்தது. அங்கே குழப்பும் டவுன்லோட் விளம்பரங்கள் பெருகியதால் 2013-ல் வெளியேறியது. 2015-ல், கிம்ப் பெயரில் அங்கிருந்த பக்கத்தை சோர்ஸ்ஃபோர்ஜ் தன் கையில் எடுத்து, விளம்பர சாஃப்ட்வேர்களையும் சேர்த்துத் திணிக்கும் இன்ஸ்டாலரைக் கொடுத்தது பெரிய சர்ச்சையானது. அடுத்த ஆண்டு நிர்வாகம் கைமாறி, அந்த வழக்கம் நிறுத்தப்பட்டது.

அந்த நீள எண் எதுக்கு?

டவுன்லோட் பக்கத்தில் 'ஷா-256' என்று எண்ணும் எழுத்தும் கலந்த ஒரு நீள வரிசை பார்த்திருப்பீங்க. அது ஃபைலின் கைரேகை மாதிரி. இறக்கிய ஃபைலில் ஓர் எழுத்து மாறியிருந்தாலும் அந்த வரிசையே மாறிவிடும். 2017 மே மாதம் 'ஹேண்ட்பிரேக்' வீடியோ சாஃப்ட்வேரின் ஒரு டவுன்லோட் சர்வருக்குள் ஹேக்கர்கள் புகுந்து, மேக் ஃபைலை மாற்றி வைத்தார்கள். எது கெட்ட ஃபைல் என்று பயனர்கள் சரிபார்க்க, குழு வெளியிட்டது இந்த வரிசையைத்தான். தளமே ஹேக் ஆனால் வரிசையையும் மாற்றலாமே? மாற்றலாம். அதனால்தான் புட்டி போன்ற திட்டங்கள் டிஜிட்டல் கையொப்பத்தையும் சேர்த்துத் தருகின்றன.

கைவிட்ட புராஜெக்ட் என்றால்?

அதையும் தளம்தான் சொல்லணும். ஃபைல்களைப் பூட்டி வைக்கும் 'ட்ரூகிரிப்ட்' 2014 மே மாதம் நின்றபோது, தளத்தின் உச்சியில் சிவப்பு எழுத்தில் 'இது பாதுகாப்பானதல்ல' என்று எச்சரிக்கை போட்டார்கள். கீழே, டேட்டாவை வேறு சாஃப்ட்வேருக்கு மாற்றும் வழியைப் படங்களோடு விளக்கினார்கள். திடீரென நிறுத்தியதில் பலருக்குக் கோபம் இருந்தது. ஆனால் மாற்ற வேண்டியவர்களுக்கு வழி அந்தப் பக்கத்திலேயே இருந்தது.