லைசன்ஸ் வேண்டாத வண்டி, ஹெல்மெட் வேண்டாத தலை

அம்பத்தூர் ஓ.டி. பக்கம் காலை எட்டரை மணிக்குப் பத்து நிமிடம் நின்று பாருங்கள். பச்சை நம்பர் பிளேட் மாட்டிய மின்சார ஸ்கூட்டர்கள் போகும். ஓட்டுகிறவர்கள் பெரும்பாலும் ஹெல்மெட் போட்டிருப்பார்கள், அபராதத்துக்குப் பயந்தாவது. அவற்றுக்கு நடுவே நம்பர் பிளேட்டே இல்லாத ஒரு சின்ன வண்டி நுழைந்து போகும். பள்ளிச் சீருடையில் ஒரு பையன், பின்னால் தங்கை, கால் வைக்கும் இடத்தில் இரண்டு புத்தகப் பை. இரண்டு தலையும் வெறும் தலை. ஒரு பக்கம் தொழிற்பேட்டைக்குத் திரும்பும் லாரி, மறுபக்கம் ஷேர் ஆட்டோ.

இப்போது இன்னொரு ரகமும் சேர்ந்திருக்கிறது. கழுத்தில் கம்பெனி அடையாள அட்டை ஆட, கையில் ரிமோட்டுடன், மின்சார ஸ்கேட்போர்டில் நின்றபடி போகும் இளைஞர்கள். அடுக்குமாடி வளாகத்துக்குள் சுற்றிப் பழகியவர்கள் ஒரு நாள் கேட்டைத் தாண்டிச் சாலைக்கே வந்துவிடுகிறார்கள். நிறுத்திக் கேட்டால் இரண்டு ரகமும் சொல்வது ஒன்றேதான்: “இதுக்கு லைசன்ஸே வேணாம் சார், அப்புறம் எதுக்கு ஹெல்மெட்?”

இந்தப் பதிலில் பாதி உண்மை இருப்பதுதான் ஆபத்து.

மத்திய மோட்டார் வாகன விதிகளில் 2(யு) என்று ஒரு விதி. மோட்டாரின் திறன் 250 வாட்டுக்குள், அதிகபட்ச வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குள் இருந்தால் அந்த பேட்டரி வண்டி மோட்டார் வாகனமாகவே கருதப்படாது என்கிறது. பதிவு, ஓட்டுநர் உரிமம், காப்பீடு எதுவும் தேவையில்லை. ஹெல்மெட்டைக் கட்டாயமாக்கும் 129-ம் பிரிவும் அப்படிப்பட்ட வண்டியைத் தொடாது. ஆனால் அதே விதியில் ஒரு நிபந்தனை இருக்கிறது. அதை யாரும் படிப்பதில்லை. அரசு அங்கீகரித்த சோதனை நிறுவனம் வண்டியைச் சோதித்துச் சான்று கொடுத்திருந்தால் மட்டுமே இந்த விலக்கு. புனேயில் ஏ.ஆர்.ஏ.ஐ., மானேசரில் ஐ.கேட், நமக்குப் பக்கத்திலேயே ஒரகடத்தில் ஜி.ஏ.ஆர்.சி. என்று இந்த வேலைக்கென்றே நிறுவனங்கள் இருக்கின்றன. கடைக்காரர் வாயால் சொல்வது சான்று ஆகாது. அந்த மாடலுக்கு வாங்கிய சான்றின் நகலைக் கேளுங்கள். “அதெல்லாம் கம்பெனியில இருக்கு” என்றால் கடையை விட்டு வெளியே வந்துவிடுங்கள்.

ஸ்கேட்போர்டு கதை இன்னும் மோசம். ஆன்லைனில் வரவழைத்த பலகைக்கு இப்படி ஒரு சான்று எங்கிருந்து வரும்? சான்று இல்லையென்றால் விலக்கும் கேட்க முடியாது, ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குத் தூக்கிக்கொண்டு போய்ப் பதிவு செய்யவும் முடியாது. விளக்கு கிடையாது, ஹாரன் கிடையாது, பின்னால் வருவது தெரியக் கண்ணாடியும் கிடையாது. பிரேக் ரிமோட்டில் இருக்கிறது. சக்கரம் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் அளவு. ஸ்கூட்டர் சக்கரம் குலுங்கித் தாண்டிவிடும் ஒரு சின்னப் பள்ளம் இந்தப் பலகையை அப்படியே நிறுத்திவிடும். பலகை நின்றாலும் மேலே நிற்கிற ஆள் நிற்க மாட்டார். பூந்தமல்லி நெடுஞ்சாலையையோ, மழைக்குப் பிறகு ஆவடி சாலை ஓரத்தில் தேங்கிக் கிடக்கும் மணலையோ பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது. சிங்கப்பூரில் இந்த மாதிரி சாதனங்கள் வாகனச் சாலையில் இறங்கவே கூடாது. 2019 நவம்பர் 5 முதல் மின்சார ஸ்கூட்டர்களை அங்கே நடைபாதையிலிருந்தும் விரட்டிவிட்டார்கள். மிதிவண்டிப் பாதை மட்டும்தான் மிச்சம். நமக்கு அந்தப் பாதையும் இல்லை. ஆகவே பலகை வளாகத்துக்குள்ளேயே இருக்கட்டும், அங்கேயும் ஹெல்மெட்டுடன்.

“25-ல போனா என்ன ஆயிடும்?” என்று கேட்பவர்களுக்கு ஒரு சின்னக் கணக்கு. 25 கிலோமீட்டர் வேகம் என்றால் நொடிக்கு ஏழு மீட்டர். அது போகட்டும், வண்டி அசையாமல் நிற்கிறது என்றே வைத்துக்கொள்வோம். ஐந்தடி உயரத்தில் இருக்கும் தலை தடுப்பாரின்றித் தரையில் மோதும்போது அதன் வேகம் மணிக்குக் கிட்டத்தட்ட 20 கிலோமீட்டர். நின்ற இடத்தில் விழுந்தாலே இவ்வளவு. தலைக்கு வண்டியின் வாட் கணக்கு தெரியாது.

அடுத்தது “லாக் எடுப்பது”, அதாவது வேகக் கட்டுப்பாட்டை நீக்குவது. ஒரு கடையில் நான் நின்றிருந்தபோதே நடந்தது. மகளுக்கு வண்டி பார்க்க வந்திருந்த ஒரு தாயிடம் விற்பனையாளர் சொன்னார்: “அக்கா, பாப்பாவே ஓட்டிட்டுப் போகலாம், போலீஸ் கேட்க மாட்டாங்க. 25 கம்மியாத் தெரிஞ்சா சொல்லுங்க, அந்த வயரைக் கழட்டிடலாம், 45 போகும்.” அந்த அம்மா வண்டியின் நிறத்தைப் பற்றி மட்டும்தான் யோசித்துக்கொண்டிருந்தார். வயரைக் கழற்றிய நொடியில் அந்த விலக்கு போய்விடுகிறது. அது இனி பதிவில்லாத, காப்பீடில்லாத மோட்டார் வாகனம். பாப்பா பதினெட்டு வயதுக்குள் என்றால் 199ஏ பிரிவு பெற்றோரைத் தேடி வரும்: மூன்று ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், பிள்ளைக்கு 25 வயது வரை ஓட்டுநர் உரிமம் கிடையாது. மாற்றி விற்கும் டீலருக்கு 182ஏ பிரிவின்படி ஒரு வண்டிக்கு ஒரு லட்சம் ரூபாய் அபராதமோ ஓராண்டு வரை சிறையோ இரண்டுமோ உண்டு. 2023-ல் கேரளப் போக்குவரத்துத் துறை இப்படி வேகம் கூட்டி விற்ற கடைகளுக்குள் இறங்கிச் சோதனை நடத்தியது. நம் ஊரில் சாலையில் நின்று பையனைப் பிடிக்கிறோம், கடைக்குள் யாரும் போவதில்லை. நீங்களே போங்கள். அம்பத்தூர் ஆர்.டி.ஓ. (டி.என். 13) அல்லது பூந்தமல்லி ஆர்.டி.ஓ. (டி.என். 12) அலுவலகத்தில் எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுங்கள். பில், வாரண்டி அட்டை நகல்களை இணையுங்கள். ஒப்புகை முத்திரை வாங்காமல் திரும்பாதீர்கள். பொய் சொல்லி விற்றதற்கு நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு, ஐந்து லட்சம் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்குக் கட்டணமும் இல்லை.

ஹெல்மெட்டுக்கு வருவோம். தொழிற்பேட்டைக்கு வேலைக்குப் போகிறவர்களில் சிலர் தொழிற்சாலையில் கொடுத்த மஞ்சள் தொப்பியையே போட்டுக்கொண்டு வண்டி ஓட்டுகிறார்கள். அது மேலிருந்து விழும் பொருளைத் தாங்குவதற்குச் செய்தது. சாலையில் விழுந்தால் தலைக்கு முன்னால் அது பறந்துவிடும். சாலையோரக் கடைகளின் சட்டி ஹெல்மெட்டும் அதே லட்சணம்தான். 2021 ஜூன் 1 முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாத இருசக்கர ஹெல்மெட்டைத் தயாரிப்பதும் விற்பதும் குற்றம். ஆனால் முத்திரை என்பது ஸ்டிக்கர்தானே, அச்சகத்தில் அடித்துக்கொள்ளலாம். அதனால் முத்திரைக்கு மேலே ஐ.எஸ். 4151 என்றும், கீழே சி.எம்./எல். என்று தொடங்கும் உரிம எண்ணும் இருக்கிறதா பாருங்கள். அந்த எண்ணை பி.ஐ.எஸ். கேர் என்ற செயலியில் அடித்தால் எந்த நிறுவனம், உரிமம் உயிரோடு இருக்கிறதா என்பது கடையில் நின்றபடியே தெரிந்துவிடும். புகாரும் அதிலேயே கொடுக்கலாம். போட்டுப் பார்த்து, பட்டையைப் பூட்டி, பின்பக்கத்திலிருந்து மேலே தூக்குங்கள். கழன்று நெற்றிக்கு வந்தால் அந்த அளவு உங்களுக்கு ஆகாது. ஒரு முறை பலமாக அடிபட்ட ஹெல்மெட்டின் உள்ளே இருக்கும் தெர்மாகோல் நசுங்கியிருக்கும், வெளியே கீறல் மட்டும்தான் தெரியும். அதைத் தம்பிக்குக் கொடுக்க வேண்டாம்.

பட்டை, பட்டை, பட்டை. சட்டமே பட்டையால் இறுக்கிக் கட்டியதைத்தான் ஹெல்மெட் என்கிறது. பதிவு எண் உள்ள வண்டிக்குத் தமிழ்நாட்டில் 2022 அக்டோபர் முதல் அபராதம் 1,000 ரூபாய். பின்னால் உட்காருகிறவருக்கும் நான்கு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைக்கும் அதே சட்டம்தான். கண்ணாடியில் மாட்டி வைத்திருக்கும் ஹெல்மெட் கண்ணாடியைத்தான் காப்பாற்றும்.

இனி, எல்லோரும் கோட்டைவிடும் இடம். விபத்து நடந்த பிறகு.

நம்பர் பிளேட் இல்லாத வண்டியில் போன பையனை லாரி தட்டிவிடுகிறது. “நம்ம வண்டிக்கே பேப்பர் இல்ல, போலீசுக்குப் போனா நம்மளையே கேட்பாங்க” என்று குடும்பம் பயப்படுகிறது. அரசு மருத்துவமனையில் கேட்கும்போது “வழுக்கி விழுந்துட்டான்” என்று சொல்லிவிடுகிறார்கள். அந்த வார்த்தை விபத்துப் பதிவேட்டில், அதாவது ஏ.ஆர். புத்தகத்தில் ஏறிவிடுகிறது. முடிந்தது கதை. ஆறு மாதம் கழித்து எந்த வக்கீல் வந்தாலும் எதிர்த்தரப்புக் காப்பீட்டு நிறுவனம் முதலில் எடுத்து நீட்டுவது அந்த ஏ.ஆர். நகலைத்தான். மருத்துவரிடம் நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள்: எந்த இடம், எத்தனை மணி, எந்த வண்டி இடித்தது. உங்கள் வண்டிக்குக் காப்பீடு இல்லாவிட்டாலும், இடித்த லாரியின் காப்பீட்டிலிருந்து இழப்பீடு கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. மிதிவண்டியில் போனவருக்கும் நடந்து போனவருக்கும் இருக்கிற அதே உரிமை. ஹெல்மெட் இல்லையே என்று தொகையில் ஒரு பகுதியைக் கழித்த தீர்ப்புகளும் உண்டு, அதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி மூன்றுமே 2022 முதல் ஆவடி காவல் ஆணையரகத்தில் வருகின்றன. விபத்து வழக்கைப் பார்ப்பது போக்குவரத்துப் புலனாய்வுப் பிரிவு. சட்டம் ஒழுங்கு காவல் நிலையத்துக்குப் போனால் “அங்க போங்க” என்பார்கள், அங்கே போனால் “இது எங்க லிமிட் இல்ல” என்பார்கள். எல்லை எதுவானாலும் தகவலைப் பதிவு செய்ய வேண்டும் என்று 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173-ம் பிரிவே சொல்கிறது. சி.எஸ்.ஆர். ரசீதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வழக்கு முடிந்ததாக நினைக்காதீர்கள். அது மனு ரசீது மட்டுமே. உங்களுக்குத் தேவை எஃப்.ஐ.ஆர். நகல், இலவசமாகத் தர வேண்டியது. மறுத்தால் துணை ஆணையருக்குத் தபாலில் அனுப்புங்கள். மறுபடியும் சொல்கிறேன், சி.எஸ்.ஆர். போதாது.

இழப்பீட்டு மனுவை விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் போட வேண்டும். இந்தப் பகுதிக்குப் பூந்தமல்லி நீதிமன்ற வளாகத்திலேயே தீர்ப்பாயம் இருக்கிறது. இடித்த வண்டி எதுவென்றே தெரியாவிட்டால் வழி வேறு: மரணத்துக்கு இரண்டு லட்சம், படுகாயத்துக்கு 50,000 ரூபாய், மனு கொடுப்பது வருவாய்த் துறையில். இங்கேதான் நம் மக்கள் அலைகிறார்கள். 2018 முதல் அம்பத்தூர் வட்டம் சென்னை மாவட்டம். ஆவடியும் பூந்தமல்லியும் திருவள்ளூர் மாவட்டம். ஒரே சாலை, இரண்டு கலெக்டர். கணக்கில் வருவது விபத்து நடந்த இடம், உங்கள் வீடு எங்கே என்பதல்ல.

சிகிச்சைக்குப் பணம் புரட்ட ஓடுவதற்கு முன், 2021 டிசம்பரில் தொடங்கிய ‘நம்மைக் காக்கும் 48’ திட்டத்தைக் கேளுங்கள். பட்டியலில் உள்ள தனியார் மருத்துவமனையிலும் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். காப்பீட்டு அட்டை வேண்டியதில்லை. தூக்கிக்கொண்டு வந்து சேர்த்தவரைக் காவல் துறை சாட்சியாக வரச் சொல்லிக் கட்டாயப்படுத்தவும் முடியாது.

இன்னொன்று. நம்பர் பிளேட் இல்லாத வண்டி நடந்து போகும் ஒருவரை இடித்தால் அந்தப் பணத்தை வண்டிக்காரரின் பையிலிருந்துதான் கொடுக்க வேண்டும். அவரே விழுந்து அடிபட்டால் அவருக்கும் எந்தக் காப்பீடும் இல்லை. வங்கிக் கணக்கு உள்ள, 18 முதல் 70 வயது வரையிலானவர்கள் பிரதமர் சுரக்ஷா பீமா திட்டத்தில் சேரலாம். ஆண்டுக்கு 20 ரூபாய், விபத்து மரணத்துக்கு இரண்டு லட்சம். ஜூன் 1-ல் புது ஆண்டு தொடங்கும். மே மாதக் கடைசியில் கணக்கில் 20 ரூபாய் இருக்கிறதா என்று பார்த்து வையுங்கள்.