கோப்பு பிள்ளை கையில் இருக்கட்டும்

பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளையைத் தனியாக வெளிநாட்டுக்குப் படிக்க அனுப்பலாமா என்று கேட்டு வரும் பெற்றோர் யாரும் பாடத்திட்டத்தைப் பற்றி முதலில் பேசுவதில்லை. "ஃபிராங்பர்ட்ல இறங்கி அடுத்த ஃபிளைட்ட எப்படிம்மா புடிப்பா?" என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். நியாயமான கேள்வி. என் அப்பாவும் அதைத்தான் கேட்டார்.

நான் திண்டுக்கல்லில் பள்ளிப் படிப்பின் பாதியில் கிளம்பி, நார்வே நாட்டின் ஃபிளெக்கே என்ற சிற்றூரில் இருக்கும் யுனைடெட் வேர்ல்ட் காலேஜில் சேர்ந்தவள். பெயர்தான் காலேஜ், படிப்பது நம் பிளஸ் ஒன், பிளஸ் டூவுக்கு இணையான இரண்டு வருடம். ஹிட்லரின் ஜெர்மனியிலிருந்து வெளியேறிய யூதக் கல்வியாளர் குர்ட் ஹான் கண்ட கனவு இது. பகை நாட்டுப் பிள்ளைகளும் ஒரே கூரையின் கீழ் வாழ்ந்து படிக்க வேண்டும் என்பது அவர் எண்ணம். அப்படி 1962இல் வேல்ஸ் நாட்டின் ஒரு பழைய கோட்டையில் முதல் பள்ளி தொடங்கியது. இன்று 18 பள்ளிகள். புனேக்குப் பக்கத்து மலையிலும் ஒன்று உண்டு. நான் படித்தது 1995இல் நார்டிக் நாடுகளும் செஞ்சிலுவைச் சங்கமும் கைகோத்துத் தொடங்கியது.

பயணத்துக்கு வருகிறேன். விசா மையத்துக்குப் போன அன்று, அதுவரை அப்பா கக்கத்தில் இடுக்கி வைத்திருந்த நீல பிளாஸ்டிக் கோப்பை வாசலிலேயே என் கையில் கொடுத்தார். "கேக்கற கேள்விக்கு நீயே பதில் சொல்லு. நான் பின்னாடி நிக்கறேன்." கவுன்டரில் இருந்தவர் என்னைத் தாண்டி அவரைப் பார்த்தே கேட்டார். அப்பா என்னைப் பார்த்தார். நான் பேசினேன். அச்சகம் வைத்திருந்த மனுஷன், தாள்களை அடுக்குவதில் கெட்டிக்காரர். இருந்தும் அந்தக் கோப்பில் எந்தத் தாள் எங்கே இருக்க வேண்டும் என்று என்னையே அடுக்கச் சொன்னார். முதலில் பாஸ்போர்ட், அடுத்து குடியிருப்பு அனுமதிக் கடிதம், பள்ளியின் சேர்க்கைக் கடிதம், நோட்டரி கையெழுத்துடன் அம்மா அப்பாவின் சம்மதக் கடிதம், கடைசியில் நார்வேயின் பெர்கன் விமான நிலையத்தில் அழைத்துப் போக வருபவரின் பெயரும் தொலைபேசி எண்ணும். அந்த எண்ணை மனப்பாடமாகவும் வைத்திருந்தேன். செல்போனில் சார்ஜ் தீர்ந்துபோகும்.

பெர்கனுக்குப் போகும் வழியில் விமானம் மாறும் ஃபிராங்பர்ட்டில் ஏன் இந்தக் கோப்பு வேண்டும் என்பதைப் பெற்றோர் புரிந்துகொள்வது நல்லது. நார்வே ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை, ஆனால் ஷெங்கன் எனப்படும் ஐரோப்பியப் பொது எல்லைக்குள் இருக்கிறது. அதனால் குடிவரவுச் சோதனை பெர்கனில் நடக்காது. ஷெங்கனுக்குள் முதலில் கால் வைக்கும் ஊரில் நடக்கும். எங்கே போகிறாய், என்ன படிக்கப் போகிறாய், யார் அழைத்துப் போவார்கள் என்று அங்கே உள்ள அதிகாரி கேட்பார். தாள்கள் செக்-இன் பெட்டிக்குள் போய்விட்டால் பிள்ளை தவித்துப்போகும். 12 வயது தாண்டியவர்களுக்குப் பெரும்பாலான விமான நிறுவனங்களில் துணை ஊழியர் கட்டாயமில்லை. விரும்பினால் கட்டணம் கட்டி ஏற்பாடு செய்யச் சில நிறுவனங்களில் வழி உண்டு. என் கருத்தில், விசா மையத்தில் ஒருமுறை தானாகப் பேசிய பிள்ளைக்கு அந்தத் துணை தேவைப்படாது.

பெட்டியில் என்ன வைப்பது என்பதில் அம்மாக்கள் கண்ணீர் விடுகிறார்கள். பாலில் செய்த பண்டமும் இறைச்சியும் ஐரோப்பாவுக்குள் கொண்டுபோகக் கூடாது. நெய்யும் பால்கோவாவும் வீட்டிலேயே இருக்கட்டும். பருப்புப் பொடி, இட்லி மிளகாய்ப் பொடி, புளிக்காய்ச்சல் போதும். ஊறுகாயைக் கைப்பையில் வைத்தால் திரவம் என்று எடுத்துவிடுவார்கள்.

ஃபிளெக்கேயில் எங்கள் அறையில் ஐந்து கட்டில்கள். எஸ்வாத்தினி, போஸ்னியா, பெரு, நார்வே, நான். ஆகஸ்டில் போய் இறங்கும்போது இரவு ஒன்பது மணிக்கும் வெளிச்சம் இருந்தது. டிசம்பரில் பகல் ஆறு மணி நேரம்கூட இல்லை. முதல் வகுப்புக்குப் போகும்போதும் இருட்டு, கடைசி வகுப்பு விட்டு வரும்போதும் இருட்டு. இடையில் மழை. அம்மாவின் அழைப்பு இந்திய நேரம் இரவு ஒன்பதுக்கு வரும், அங்கே மாலை ஐந்தரை. அக்டோபர் கடைசி ஞாயிறு அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளி வைப்பார்கள். அன்றிலிருந்து அம்மாவின் அதே ஒன்பது மணி எனக்கு நாலரை, வகுப்பு நேரம். நான் எடுக்கவில்லை என்று வீட்டில் பதறிப்போனார்கள். புறப்படும் முன்பே பெற்றோரிடம் இதைச் சொல்லிவிடுங்கள் என்று இப்போது எல்லாப் பிள்ளைகளிடமும் சொல்கிறேன்.

அங்கே படிப்பது ஐ.பி. டிப்ளமோ என்ற சர்வதேசப் பாடத்திட்டம். ஆறு பாடங்கள், 4,000 சொல் வரையிலான ஓர் ஆய்வுக் கட்டுரை, சமூக சேவை, மொத்தம் 45 மதிப்பெண். இதில் எனக்கு மிகவும் பிடித்த ஓர் ஏற்பாடு உண்டு. ஆசிரியர் இல்லாத தாய்மொழியின் இலக்கியத்தையும் மாணவர் தானாகப் படித்துத் தேர்வெழுதலாம். நான் தமிழை அப்படித்தான் எடுத்தேன். திண்டுக்கல்லில் மனப்பாடப் பகுதியாக மட்டும் இருந்த தமிழை, மழை கொட்டும் மாலைகளில் புதுமைப்பித்தனோடு உட்கார்ந்து வரி வரியாகப் படித்தேன். இதற்கு ஆசைப்படும் பிள்ளை, புத்தகங்களை ஊரிலிருந்தே எடுத்துப் போக வேண்டும்.

ஓர் எச்சரிக்கையும் சொல்லியாக வேண்டும். மருத்துவம்தான் குறி என்றால் இந்தப் படிப்பு வேண்டாம் என்பேன். நீட் எழுத இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றும் வேண்டும், ஐ.பி.யின் வழக்கமான அமைப்பில் மூன்றையும் சேர்த்து எடுக்க முடியாது. மற்ற பட்டப் படிப்புகளுக்கு ஐ.பி. டிப்ளமோவை இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம் பன்னிரண்டாம் வகுப்புக்கு இணையாக ஏற்கிறது.

பணம் இருந்தால்தான் போக முடியும் என்று நினைத்து விண்ணப்பிக்காமலே விடுபவர்களைப் பார்த்தால் மனசு கேட்பதில்லை. அந்தந்த நாட்டின் தேர்வுக் குழு பிள்ளையைத் தேர்ந்தெடுக்கிறது. உதவித்தொகை குடும்ப வருமானத்தைப் பார்த்துத் தரப்படுகிறது, எல்லோருக்கும் முழுதாகக் கிடைப்பதில்லை. என் கட்டணத்தின் பெரும்பகுதியை அதுதான் கட்டியது. அப்பா அச்சகத்தை அடகு வைக்க வேண்டி வரவில்லை. விண்ணப்பத்தில் ஆங்கிலப் புலமையைவிட, பிள்ளை தன் ஊரில் என்ன செய்திருக்கிறது, எதைப் பற்றி யோசிக்கிறது என்பதையே துருவிக் கேட்கிறார்கள். பத்தாம் வகுப்பிலோ பதினொன்றிலோ இருக்கும் பிள்ளை, இந்தியத் தேர்வுக் குழுவின் அறிவிப்பைப் படித்துத் தானே விண்ணப்பத்தை நிரப்பட்டும். அம்மா அப்பா கடைசியில் ஒருமுறை படித்துப் பார்த்தால் போதும்.