நெருக்கக் காட்சிக்கும் ஓர் ஆசான்

இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., வேதியியல்

திரைப்படம் ஒரு கூட்டுக்கலை. சண்டைக் காட்சி என்றால் ஸ்டன்ட் மாஸ்டர் வருகிறார்; பாடல் காட்சி என்றால் டான்ஸ் மாஸ்டர் வருகிறார். ஓங்கிய கை எந்த இடத்தில் நிற்க வேண்டும், கால் எத்தனையாவது தாளத்தில் திரும்ப வேண்டும் என்பதெல்லாம் முன்பே வரையறுக்கப்படுகின்றன. ஆனால் முத்தக் காட்சிக்கும் படுக்கையறைக் காட்சிக்கும் நெடுங்காலமாக அப்படி ஒருவரும் வரவில்லை. "நீங்களே பார்த்துச் செய்துவிடுங்கள்" என்று நடிகர்களிடம் விட்டுவிடுவதே வழக்கமாக இருந்தது. அந்த வெற்றிடத்தை நிரப்ப வந்தவரே நெருக்கக் காட்சி ஒருங்கிணைப்பாளர். ஆங்கிலத்தில் 'இன்டிமசி கோஆர்டினேட்டர்' என்பர்.

இதைப் போய்க் கல்லூரி மலரில் எழுதலாமா என்று நண்பர் சிலர் கேட்டனர். இது கவர்ச்சியைப் பற்றிய கட்டுரையன்று. வேலை செய்யும் இடத்தில் ஒருவருடைய சம்மதத்திற்கு என்ன மதிப்பு என்பதைப் பற்றிய கட்டுரை. ஆகவே எழுதலாம் என்றே நான் கருதினேன்.

ஏன் தேவைப்பட்டது?

1972-இல் வெளிவந்த 'லாஸ்ட் டாங்கோ இன் பாரிஸ்' என்ற படத்தில் நடித்தபோது மரியா ஷ்னைடருக்கு வயது 19. அதில் வரும் ஒரு வன்புணர்ச்சிக் காட்சியின் முக்கியமான விவரம் ஒன்றை இயக்குநர் பெர்டோலுச்சி அவரிடமிருந்து மறைத்தார். நடிகையாக அன்றி ஒரு பெண்ணாகவே அவர் அதிர்ச்சி அடைய வேண்டும் என்று தாம் விரும்பியதாக 2013-இல் இயக்குநரே ஒப்புக்கொண்டார். அக்காட்சி நடிப்புதான், ஆயினும் தாம் சிந்திய கண்ணீர் உண்மையானது என்று மரியா 2007-இல் கூறினார்.

நம் நாட்டிலும் இதற்குச் சான்று உண்டு. 1986-இல் வந்த 'புன்னகை மன்னன்' படத்தின் முத்தக் காட்சி பற்றித் தமக்கு முன்கூட்டிச் சொல்லப்படவில்லை என்று நடிகை ரேகா பல ஆண்டுகளுக்குப் பின் பேட்டியில் தெரிவித்தார்.

தோற்றமும் வளர்ச்சியும்

இம்முறை முதலில் நாடக மேடையில்தான் முளைவிட்டது. அமெரிக்காவைச் சேர்ந்த டோனியா சினா, மேடையில் நெருக்கக் காட்சிகளை அமைக்கும் முறை பற்றி 2006-இல் முதுகலை ஆய்வேடு எழுதினார். 2016-இல் அவரும் அலிசியா ரோடிஸ், சியோபன் ரிச்சர்ட்சன் ஆகிய இருவரும் இதற்கென ஓர் அமைப்பை நிறுவினர். 2017 அக்டோபரில் ஹாலிவுட் தயாரிப்பாளர் ஹார்வி வைன்ஸ்டீன் மீதான புகார்கள் வெளிவந்தன. 'மீ டூ' இயக்கம் உலகெங்கும் பரவியது. அதன் பிறகே படத்துறை விழித்துக்கொண்டது எனலாம்.

'தி டியூஸ்' என்ற தொலைக்காட்சித் தொடரில் நடித்த எமிலி மீட் தமக்குத் துணையாக ஒருவர் வேண்டும் என்று கேட்டார். எச்.பி.ஓ. நிறுவனம் அலிசியா ரோடிஸை அமர்த்தியது. 2018-இல், இத்தகைய காட்சிகள் உள்ள தன் தொடர்கள் அனைத்திற்கும் ஒருங்கிணைப்பாளர் உண்டு என்றும் அந்நிறுவனம் அறிவித்தது. பிரிட்டனில் ஈட்டா ஓப்ரையன் இத்துறைக்கு நெறிமுறைகள் வகுத்தார். 2020-இல் ஒளிபரப்பான 'நார்மல் பீப்பிள்' தொடரில் பணியாற்றினார். அதே ஆண்டில் அமெரிக்க நடிகர் சங்கமும் விதிமுறைகளை வெளியிட்டது. இந்தியாவில் 2022-இல் வெளிவந்த 'கெஹ்ராயியான்' என்ற இந்திப் படத்தில் இப்பணியைச் செய்தவர் தார் காய்.

பணி என்ன?

படப்பிடிப்புக்கு முன்பே இவருடைய வேலை தொடங்கிவிடுகிறது. கதைப்பிரதியைப் படித்து, நெருக்கக் காட்சிகளைக் குறித்துக்கொள்கிறார். இயக்குநர் எதைக் காட்ட விரும்புகிறார் என்று கேட்டறிகிறார். பின்னர் நடிகர் ஒவ்வொருவரையும் தனித்தனியே சந்தித்து, எதற்கு இசைவு, எதற்கு இசைவில்லை என்று தெளிவாகக் கேட்கிறார். ஒப்புக்கொண்டவை எழுத்தில் பதியப்படுகின்றன.

அடுத்தது ஒத்திகை. கை எங்கே படும், எத்தனை நொடி இருக்கும், எப்போது விலகும் என்று நடனம்போலவே அசைவுகள் வகுக்கப்படுகின்றன. உடல்கள் நேரடியாக உரசாதிருக்க மெத்தை போன்ற தடுப்புகளும், தோல் நிறத்திலான மறைப்பு ஆடைகளும் உண்டு. படப்பிடிப்பின்போது தேவையானவர் மட்டுமே தளத்தில் இருப்பர். மானிட்டரை யார் பார்க்கலாம் என்பதற்கும் கட்டுப்பாடு உண்டு. முன்பு இசைந்த நடிகர் அன்று மனம் மாறினால் அதையும் மதித்தாக வேண்டும். காட்சியைக் குறைக்க வந்த தணிக்கை அதிகாரியல்லர் இவர். இயக்குநருக்கும் நடிகருக்கும் இடையே நின்று பேசுபவர்.

சம்மதம் என்பது யாது?

இதில் என் நெஞ்சைத் தொட்டது ஒன்று உண்டு. என் தாயார் கட்டட வேலைக்குச் செல்பவர். "இன்னும் ஒரு மணி நேரம் இருந்துவிட்டுப் போ" என்று மேஸ்திரி சொன்னால் தலையை அசைத்துவிட்டு நிற்பார். அது சம்மதமா? மறுத்தால் நாளைக்கு வேலை இல்லாமற் போகுமே என்ற அச்சம் அல்லவா! புதுமுக நடிகையின் நிலையும் இதுவே. எதிரே புகழ்பெற்ற இயக்குநர். சுற்றிலும் விளக்குகளும் ஆட்களும். ஒரு நாள் தாமதமானால் பெரும் பணம் நஷ்டம். அந்த நேரத்தில் வரும் 'சரி'யை எப்படிச் சம்மதம் என்பது? 'முடியாது' என்று சொல்ல இடம் இருந்தால்தான் 'சரி' என்ற சொல்லுக்குப் பொருள் உண்டு. அந்த இடத்தை ஏற்படுத்திக் கொடுப்பதே ஒருங்கிணைப்பாளரின் தலையாய பணி.

மறுப்புரைகள்

இது நடிப்பின் இயல்பைக் கெடுக்கும் என்பாரும் உளர். 'அனோரா' படத்தின் நாயகி மைக்கி மேடிசன் ஒருங்கிணைப்பாளர் வேண்டாம் என்று கூறியே நடித்தார். 2025-இல் ஆஸ்கார் விருதும் பெற்றார். இதனால் இப்பணி வீண் என்று ஆகிவிடுமா? அவரிடம் கேட்கப்பட்டது, அவர் வேண்டாம் என்றார். கேட்கப்பட்டது என்பதுதான் இங்கே முக்கியம். மரியாவிடம் யாரும் கேட்கவில்லை. இயல்பு கெடும் என்ற வாதமும் வலுவுடையதன்று. வாள் சண்டையை ஒத்திகை பார்ப்பதால் வீரம் குறைந்துவிடுவதில்லை.

கலை பெரிதுதான், ஆனால் அதைப் படைக்கும் மனிதர் அதனினும் பெரியவர். நாளை நம்மில் பலர் ஆய்வுக்கூடங்களிலும் ஆலைகளிலும் அலுவலகங்களிலும் பணிபுரியப் போகிறோம். சிலர் பிறருக்கு ஆணையிடும் இடத்திலும் அமரலாம். அப்போது எதிரே நிற்பவரின் தலையசைப்பை மட்டும் பாராமல், மறுத்துரைக்க அவருக்கு இடம் இருக்கிறதா என்றும் பார்ப்போமாக!