கூண்டுப் பறவைகளிடையே எழும் பூசல்

கொல்கத்தா நகரில் பறவை வளர்ப்பு நெடுங்காலமாக வேரூன்றிய பழக்கமாகும். அந்நகரைச் சேர்ந்த சத்ய சரண் லாகா என்னும் பறவையியலறிஞர் வங்காளத்தின் வளர்ப்புப் பறவைகளைப் பற்றி 1923ஆம் ஆண்டிலேயே தனி நூல் ஒன்று வெளியிட்டார். இன்றும் பாக்பஜாரை அடுத்த கேலிஃப் தெருவில் ஞாயிறுதோறும் வளர்ப்புப் பிராணிகளின் சந்தை கூடுகிறது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் நம் நாட்டுக் கிளிகளைப் பிடிப்பதும் விற்பதும் குற்றமாதலால், இக்காலத்தில் பலரும் வளர்ப்பது ஆஸ்திரேலியாவைத் தாயகமாகக் கொண்ட பட்ஜரிகர் என்னும் சிறு கிளியையே. தமிழ்நாட்டில் 'லவ் பேர்ட்ஸ்' என்று வழங்குவதும் பெரும்பாலும் இதுவே.

பெயரில் அன்பு இருப்பினும், முட்டையிடும் பருவத்தில் இப்பறவைகள் கடும் போரில் இறங்குவதுண்டு. முட்டைகள் உடைகின்றன, குஞ்சுகள் மடிகின்றன, சில வேளைகளில் தாய்ப் பறவையே உயிரிழக்கிறது. இதன் காரணம் யாது?

இயற்கையில் இப்பறவை கூடு கட்டுவதில்லை, மரப்பொந்துகளிலேயே முட்டையிடுகிறது. நல்ல பொந்து எளிதில் கிடைப்பதன்று. ஆகவே பொந்தைத் தேர்வதும் காப்பதும் பெண் பறவையின் இயல்பாயின. கூண்டிலும் மண்கலயத்தையோ மரப்பெட்டியையோ பற்றிப் பூசலைத் தொடங்குவது பெரும்பாலும் பெண் பறவையே. காட்டில் தோற்ற பறவை பறந்து தப்பிவிடும்; கூண்டில் அதற்குப் போக்கிடம் இல்லை. சிறு பிணக்கு கொலையில் முடிவது இதனாலேதான்.

இப்பூசலைத் தடுக்கும் வழிகள் எளியவை. சோடிகளின் எண்ணிக்கையைவிடக் கலயங்கள் மிகுதியாக இருத்தல் வேண்டும். உயரத்திலுள்ள கலயத்தையே பல பறவைகள் நாடுமாதலால், எல்லாவற்றையும் ஒரே உயரத்தில், ஒரே நாளில் கட்டுதல் நன்று. சோடி சேராத பெண் பறவையைக் கூண்டில் விடலாகாது. அலகின் மேலுள்ள மெல்லிய தோல் பெரும்பாலான வகைகளில் ஆணுக்கு நீலமாகவும், முட்டையிடும் பருவத்துப் பெண்ணுக்குப் பழுப்பாகவும் இருப்பதால், இரண்டையும் பிரித்தறிவது கடினமன்று. பருவத்தின் நடுவே புதிய பறவைகளைச் சேர்த்தல் கூடாது. இரையும் நீரும் ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் வைத்தல் வேண்டும். குருதி சிந்தும் அளவுக்குப் பூசல் முற்றினால், தாக்கும் பறவையை உடனே வேறு கூண்டிற்கு மாற்றுதல் வேண்டும்.

குஞ்சு பொரிக்க ஏறக்குறைய 18 நாட்களும், குஞ்சு கூட்டைவிட்டு வெளிவர மேலும் ஏறக்குறைய 5 வாரங்களும் ஆகும். தாய் அடுத்த முறை முட்டையிடத் தொடங்கினால், முந்திய குஞ்சுகளையே கொத்தி விரட்டக்கூடும். எனவே அவை தாமே இரையுண்ணத் தொடங்கியதும் பிரித்துவிடுதல் நலம். இருமுறை குஞ்சு பொரித்தபின் கலயங்களை அகற்றினால் பறவைகள் ஓய்வு பெறும், பூசலும் தணியும்.

பள்ளியில் கூண்டு வைத்திருக்கும் ஆசிரியர்கள், எந்தப் பறவை எந்தக் கலயத்தைக் காக்கிறது என்பதை மாணவர் நாள்தோறும் குறித்துவரச் செய்யலாம். பறவையின் சீற்றம் தீய குணமன்று, இடக்குறைவின் விளைவே என்பதை அக்குறிப்பேடு தெளிவாக உணர்த்தும்.