உப்பு நீரின்மேல் மிதக்கும் நல்ல தண்ணீர்

உங்களுக்குத் தெரியுமா?

நாகை மாவட்டத்தின் தென்கோடி வேதாரண்யம். கிழக்கே வங்கக்கடல், தெற்கே பாக் நீரிணை, பக்கத்திலேயே உப்பளம். உப்புச் சத்தியாகிரகத்தில் ராஜாஜி 1930 ஏப்ரல் 30 அன்று உப்பு அள்ளிக் கைதானது இங்கேதான். இப்படி உப்பு சூழ்ந்த ஊரின் மணல் மேடுகளில் மாவும் முல்லையும் செழிக்கின்றன!

மணலில் இறங்கும் மழைநீர் கடல்நீரைவிட இலேசானது. அதனால் அடியிலுள்ள உப்பு நீரின்மேல் தனி அடுக்காக மிதந்து நிற்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே அது 1 மீட்டர் உயர்ந்திருந்தால், கீழே ஏறக்குறைய 40 மீட்டர் வரை நல்ல தண்ணீர் இருக்கும் என்பது நிலத்தடி நீர் வல்லுநர்களின் கணக்கு. மணலில் ஆழமில்லாத குட்டை வெட்டினாலே நீர் ஊறிவிடும். குடத்தில் மொண்டு செடிக்கு ஊற்றுவது இந்த வட்டாரத்துப் பழக்கம். மோட்டார் போட்டு அளவுக்கு மீறி இறைத்தால் உப்பு மேலேறிவிடும். மேட்டு மணலை அள்ளினாலும் அதே கதிதான். அந்த மணலில் யாரும் கைவைக்கக் கூடாது.

2018 நவம்பர் 16 அதிகாலை கரை கடந்த கஜா புயல், இங்கே காய்ப்புக்கு வந்திருந்த மாமரங்களை வேரோடு சாய்த்தது. புதுக்கன்று காய்ப்புக்கு வர ஆண்டுகள் ஆகும்.

பனிக்காலத்தில் வேதாரண்யம் போனால் பக்கத்திலுள்ள கோடியக்கரையையும் பாருங்கள். சீசனுக்கு வரும் வெளியூர் மீனவர்கள் கரையில் கொட்டகை போட்டுத் தங்கியிருப்பார்கள். சதுப்பில் பூநாரைகள் தலையைக் கவிழ்த்து, அலகால் சேற்றுநீரை வடிகட்டி இரை தேடிக்கொண்டிருக்கும்.