கார்ல கரன்ட் கட்!

கொஞ்சம் கற்பனை பண்ணிக்குங்க. தஞ்சாவூர்ல ஃப்ரெண்டோட அக்கா கல்யாண ரிசப்ஷன். முடிச்சுட்டு நாலு பேர், சீனியர்கிட்ட கெஞ்சி வாங்கின செகண்ட் ஹேண்ட் கார்ல திருச்சிக்குத் திரும்பறீங்க. ராத்திரி மணி பதினொண்ணு. துவாக்குடி தாண்டியாச்சு, திருவெறும்பூர் மலைக்கோயில் வரப்போகுது. திடீர்னு ஹெட்லைட் அவுட். பாட்டு அவுட். டேஷ்போர்டு கும்மிருட்டு. இன்ஜினும் மூச்சை நிறுத்திடுச்சு. பின்னாடி ஒரு லாரி ஹாரன் அடிச்சுக்கிட்டே வருது!

அந்த ரோடு தெரிஞ்சவங்களுக்கு வயித்துல புளியைக் கரைக்கும். பால்பண்ணையில இருந்து துவாக்குடி வரைக்கும் சர்வீஸ் ரோடு கேட்டு ஏரியா மக்கள் வருஷக்கணக்கா போராடின பாதை அது.

முதல்ல சாவி மேல இருந்து கையை எடுங்க. பதற்றத்துல திருப்பி உருவிட்டா ஸ்டீயரிங் பூட்டிக்கும். பிரேக் செத்துப்போகலை. ஆனா, இன்ஜின் கொடுத்த வேக்குவம் உதவி ரெண்டு, மூணு மிதிக்குத்தான் மிச்சம். விட்டு விட்டு மிதிக்காம ஒரே அழுத்தா அழுத்துங்க. ஸ்டீயரிங் கனக்கும், ரெண்டு கையையும் போடுங்க. வேகம் மிச்சம் இருக்கறப்பவே இடது ஓரம் போயிடணும். எல்லாரும் இடது பக்கமா இறங்கி, ரோட்டை விட்டுத் தள்ளி நில்லுங்க. பின்னாடி தள்ளி எச்சரிக்கை முக்கோணத்தை வைங்க. நெடுஞ்சாலை உதவிக்கு 1033.

பயம் தெளிஞ்சாச்சா? அடுத்த நிமிஷம் கூட்டத்துல ஒருத்தன் நிச்சயமா சொல்வான்: "பேட்டரி புட்டுக்கிச்சு மாப்ள, புதுசு வாங்கணும்!" பர்ஸை உள்ளே வைங்க பாஸ். சார்ஜ் தீர்ற பேட்டரி இப்படிச் சாகாது. ஆல்டர்னேட்டர் கெட்டா சிவப்பு பேட்டரி லைட் எரியும், ஹெட்லைட் மங்கும், கொஞ்ச நேரம் இழுத்துக்கிட்டு இருந்துட்டுத்தான் வண்டி நிக்கும். டொப்புனு எல்லாமே போச்சுன்னா, பெரும்பாலும் எல்லாத்துக்கும் பொதுவான பாதை எங்கேயோ அறுந்திருக்கு. பேட்டரிக்குள்ளேயே அறுந்துபோறதும் உண்டுதான். அதைக் கடைசியா சந்தேகப்படுங்க.

ஹசார்டு லைட் ஸ்விட்சைத் தட்டிப் பாருங்க. பல கார்கள்ல அதுக்குச் சாவி தேவையில்லை, பேட்டரியில இருந்து நேரா வர்ற லைன். அது பளிச்னு எரிஞ்சு டேஷ்போர்டு மட்டும் செத்துக் கிடந்தா, இக்னிஷன் ஸ்விட்ச் இல்லைன்னா அதோட ஃப்யூஸ் மேல கண்ணு வைங்க.

இந்த ஸ்விட்ச் சாதாரண ஆளில்லை. 2014-ல அமெரிக்காவோட ஜெனரல் மோட்டார்ஸ், சுமார் 26 லட்சம் கார்களைத் திரும்பக் கூப்பிட்டதுக்கு இதுதான் காரணம். கனமான சாவிக்கொத்து தொங்கினாலோ, குலுங்கினாலோ ஸ்விட்ச் தானா நழுவி, ஓடற வண்டியிலேயே கரன்ட் போயிடும். மோதும்போது ஏர்பேக்கும் விரியாது. கம்பெனி ஏற்படுத்தின இழப்பீட்டு நிதியே 124 சாவுகளை ஏத்துக்கிச்சு. கார் சாவியில ஹாஸ்டல் சாவி, பைக் சாவி, குட்டி கிரிக்கெட் பேட்னு தோரணம் கட்டறவங்க கவனிக்க!

ஹசார்டும் எரியலையா? பானெட்டைத் திறங்க. டெர்மினல் கிளாம்பைக் கையால ஆட்டிப் பாருங்க. ஆடுதா? ஆசாமி மாட்டிட்டான்! பெரும்பாலும் 10 நம்பர் ஸ்பேனர் போதும். வெள்ளையா, பச்சையா பூத்திருந்தா கழட்டிச் சுரண்டி மாட்டுங்க. (வீட்டுக்குப் போனதும் ஆப்ப சோடா கரைச்ச தண்ணியில கழுவலாம்.) கழட்டும்போது மைனஸ் முதல்ல, மாட்டும்போது மைனஸ் கடைசியில. மாத்திச் செஞ்சு ஸ்பேனர் பாடியில பட்டா தீபாவளிதான். மைனஸ் கேபிளோட இன்னொரு முனை பாடியில முடுக்கியிருக்கும், அங்கே துரு இருக்கான்னும் பாருங்க.

துளி துருவுக்கு இவ்வளவு பவரானு கேட்கறீங்களா? ஸ்டார்ட்டர் மோட்டார் 100 ஆம்பியர் இழுக்குதுன்னு வைங்க. துருவோட தடை வெறும் 0.05 ஓம். பெருக்குங்க... 5 வோல்ட் அங்கேயே காலி! 12.6 வோல்ட் பேட்டரி முழு ஆரோக்கியமா இருந்தும் மோட்டாருக்குப் போறது 7.6 தான். பிளஸ் டூவுல மனப்பாடம் பண்ண அதே ஓம் விதிதான் மக்கா.

டெர்மினல் கச்சிதமா இருந்தா மெயின் ஃப்யூஸ் போயிருக்கலாம். தயவுசெஞ்சு அங்கே கம்பியைச் சுத்தி கெத்து காட்டாதீங்க. எங்கேயோ ஷார்ட் ஆனதாலதான் அது தன்னைப் பலி கொடுத்திருக்கு. கம்பி போட்டா அடுத்த பலி வயரிங், அதுக்கப்புறம் கார். எலெக்ட்ரீஷியன் வர்ற வரைக்கும் காத்திருங்க.

வண்டி ஸ்டார்ட் ஆயிடுச்சா? லேப்ல வாங்கின மல்டிமீட்டர் பையில இருந்தா, இன்ஜின் ஓடும்போது பேட்டரியில வைங்க. பொதுவா 13.5-ல இருந்து 14.5 வோல்ட் காட்டினா, கிளம்புங்க. 12-க்குக் கீழே இறங்கிக்கிட்டே இருந்தா ராத்திரியில ஹெட்லைட்டை நம்பி ஓட்ட வேணாம். வண்டியைப் பத்திரமா ஓரங்கட்டிட்டு பஸ்ஸோ ஆட்டோவோ பிடிங்க. சீனியருக்கு யார் போன் பண்றதுங்கறதை மட்டும் சீட்டுக் குலுக்கிப் போட்டு முடிவு பண்ணிக்குங்க!